அரிப்பைவிட அந்தக் களிம்புதான் எனக்குக் கவலை

கேள்வி: எனக்கு வயது 36, திருமணமானவன். இரண்டரை மாதத்துக்கு முன் வேறொரு பெண்ணுடன் ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். ஒரு மாதமாகத் தொடை இடுக்கில் தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் மூன்றே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்னைவிடப் பெரிதாகப் படர்கிறது. பயந்துபோய் 'முழு பால்வினை நோய் பேக்கேஜ்' பரிசோதனை செய்ததில் ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வேரோடு குணமாக்குவதாக இணையத்தில் ஒருவர் மருந்து விற்கிறார். வாங்கலாமா? மனைவிக்கும் தொற்றியிருக்குமா?

பதில்: வாங்காதீர்கள். ஹெர்பிஸ் வைரஸை உடலிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்றுவரை இல்லை. அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். 'வேரோடு' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் அரிப்பு. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போட்டால் அடங்குவது, விட்டால் விரிந்து திரும்புவது என்றால், படர்தாமரை மேல் ஸ்டீராய்டு பூசியிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. உடலுறவு இல்லாமலே வரும். ஈரமும் வியர்வையும் இறுக்கமான உள்ளாடையும் போதும்.

பால்வினை நோய்களில் அரிப்பு மட்டுமே தனியாக வருவது குறைவு. கொனோரியா என்றால் சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. ஹெர்பிஸ் குறுகுறுப்பில் தொடங்கினாலும் ஓரிரு நாளில் கொப்புளமாகி, உடைந்து, வலிக்கும் புண்ணாகும். மாதக்கணக்கில் வட்டம் வட்டமாகப் படராது. டிரைக்கோமோனாஸ் தொற்றில் பெண்களுக்கு அரிப்போடு மஞ்சள் பச்சை நிறத்தில் கசிவும் துர்நாற்றமும் இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது.

இப்போது அந்த ட்யூபை எடுத்து, பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா? இவை ஸ்டீராய்டுகள். கூடவே ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாடிக் என்று மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்திருப்பார்கள். என்ன நோய் என்று தெரியாமலே விற்பதற்கு இதைவிட வசதியான சரக்கு கிடையாது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், சிவப்பை மறைக்கும். தோலின் எதிர்ப்பும் மழுங்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் விளிம்பு மங்கிப்போய், பார்க்கும் மருத்துவரே குழம்புவார். தொடை இடுக்குத் தோல் மெல்லியது. அங்கே தொடர்ந்து பூசினால் வரும் வெடிப்புக் கோடுகள் பிறகு மறைவதில்லை. சாதாரணப் பூஞ்சைக் களிம்பில் முடிந்திருக்க வேண்டியதற்கு, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கிறவர், அதைக் கண்டுகொள்ளாத அதிகாரி, பத்துப் பேர் காதில் விழும்படி "எங்கே அரிக்கிறது?" என்று கேட்கும் வெளிநோயாளிப் பிரிவு, மூவரும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் காரணம்.

ஐஜிஜி என்பது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், எப்போதோ அந்த வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எப்போது, உடலின் எந்த இடத்தில், யாரிடமிருந்து என்று அது சொல்லாது. வாயோரக் கொப்புளம் தரும் முதல் வகை, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலருக்கும் சிறு வயதிலேயே வந்துவிடுவது அது. கொப்புளமோ புண்ணோ இல்லாதவருக்கு இந்தச் சோதனையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பேக்கேஜில் ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டால், பாசிட்டிவ் வந்தவர் பதறிப்போய் அடுத்த பேக்கேஜும் எடுப்பார். தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலே பூஞ்சை தெரிந்துவிடும். அந்தச் சின்னச் சோதனையை எந்தப் பேக்கேஜிலும் காணோம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும்: சிரங்கு, ஸ்கேபீஸ். தோலுக்குள் குடியேறும் நுண்பூச்சியால் வருவது. உடலுறவில் தொற்றுவதில் அரிப்பே பிரதானமாக இருப்பது இதில்தான் (அந்தரங்க முடியில் வரும் பேனும் அப்படித்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்). இரவில் அரிப்பு கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கிறதா? ஆணுறுப்பிலோ விதைப்பையிலோ சிறு முடிச்சுகள் உண்டா? இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். உறவில்தான் வர வேண்டும் என்பதில்லை, ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தையிடமிருந்தும் வரும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். முன்பே ஒருமுறை வந்தவருக்கு ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். அதனால், வீட்டில் முதலில் சொறிந்தவர்தான் கொண்டுவந்தவர் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். சிரங்கு என்று உறுதியானால், 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்தடி உட்பட இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. வீட்டில் அரிப்பே இல்லாதவரும் அதே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபையும் பேக்கேஜ் அறிக்கையையும் கொண்டுபோங்கள். களிம்பை இன்றே நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடத்தான் செய்யும், அதற்குப் பயந்து மறுபடி தொடாதீர்கள்.

அரிப்பு பூஞ்சைதான் என்று முடிவானாலும், அந்த உறவுக்கான பரிசோதனை தனிக் கணக்கு. கொனோரியாவும் கிளமிடியாவும் சத்தமில்லாமல் இருக்கக்கூடியவை. சிறுநீர்ப் பரிசோதனை போதும். எச்ஐவிக்கான நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனை (வைரஸின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் ஒன்றாகப் பார்ப்பது) 45 நாளுக்குப் பிறகு நம்பகமானது, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். சிபிலிஸுக்கு 90 நாள் முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். அதுவரை மனைவியுடன் ஆணுறை அவசியம். ஏதேனும் பாசிட்டிவ் வந்தால் அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவை, மறைக்க வழியில்லை. எப்படிச் சொல்வது என்று மருத்துவரிடமே கேளுங்கள். வெறும் பூஞ்சை என்றால், துண்டைத் தனியாக வையுங்கள். அவருக்கும் வட்டம் தெரிந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்தைத் தொடங்குங்கள்.