ஆண்டு தேய்ந்துபோன பழைய அமெரிக்கக் கால் டாலரை வாங்கலாமா?

கும்பகோணத்துப் பாத்திரக் கடையொன்றில் பழைய வெள்ளியோடு கிடந்த, நிற்கும் சுதந்திர தேவி பொறித்த அமெரிக்கக் கால் டாலரில் ஆண்டு தெரியவில்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம்.

1916 முதல் 1930 வரை வெளிவந்த இந்நாணயத்தில், தேவியின் காலடிப் படியில் ஆண்டு மேடாக அமைந்திருந்ததால், கைமாறக் கைமாற அதுவே முதலில் தேய்ந்தது. 1925இல்தான் அதைப் பள்ளத்துக்குள் இறக்கிப் பொறித்தார்கள். ஆகவே உங்களுடையது பெரும்பாலும் 1924 வரையிலான அச்சாக இருக்கும். மறுபக்கத்துக் கழுகின் கீழே மூன்று நட்சத்திரங்கள் இருந்தால் 1917 முதல் 1924க்குள். அவை இல்லாவிட்டால் 1916 அல்லது 1917. 1916இல் அச்சானவை 52,000 மட்டுமே என்பதால், நட்சத்திரமில்லாத நாணயத்தை, நாணயங்கள் பற்றி அறிந்தவரிடம் காட்டாமல் கைவிடாதீர்கள். புதிதில் 6.25 கிராம் எடையும் 90 சதவீதம் வெள்ளியும் கொண்டது. வீட்டுப் பித்தளைக்குச் செய்வதுபோல் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். எஞ்சிய கோடுகளும் அழிந்துவிடும்.