டிமுர் வாங்குவோர் கவனிக்க

கேள்வி: முக்திநாத் யாத்திரை முடித்துத் திரும்பும்போது போக்ராவில் அரைக் கிலோ டிமுர் (நேபாள மிளகு) வாங்கினேன். அரைத்துத் துவையல் செய்தால் மணல்போல் நறநறக்கிறது. கலப்படமா? (கும்பகோணம்)

பதில்: கலப்படம் இல்லை. விதை நீக்காத சரக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நேபாள மிளகு என்று பெயர் சொல்லி விற்றாலும், டிமுர் மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அடங்கிய குடும்பத்து முட்செடி. எலுமிச்சைத் தோலில் இருப்பதுபோலவே இதன் காய்த்தோலிலும் எண்ணெய்ப் பைகள் பொடிப்பொடியாகப் புடைத்திருக்கும். மணமும், நாக்கை மரத்துப்போகச் செய்யும் சான்ஷூல் என்ற பொருளும் அந்தத் தோலில்தான் உள்ளன. ஒரு காயை நகத்தால் பிளந்து பாருங்கள்: பளபளக்கும் கறுப்பு விதை உருண்டு விழும். அது சுவை தராது, அம்மியில் மசியாது, தராசில் மட்டும் எடை காட்டும். மலை வீடுகளில் விதையை நீக்கிவிட்டுத்தான் தோலை உப்போடும் மிளகாயோடும் சேர்த்து அரைக்கிறார்கள். அதே பொருளை விதையோடு நிறுத்து, தோலின் விலைக்கு விற்பது எனக்குத் தீராத ஆற்றாமை. காத்மாண்டில் நானும் ஒரு பை பொடி வாங்கினேன்; மூன்றே மாதத்தில் அது மரத்தூள்போல் மணமற்றுப் போனது. அதன்பின் பொடி வாங்குவதையே விட்டுவிட்டேன். வாங்குமுன் ஒரு தோலை முன்பல்லால் கடித்துப் பாருங்கள். முதலில் எலுமிச்சை மணம் வரவேண்டும். சற்று நேரத்தில் உதடு விறுவிறுக்க வேண்டும்.

கேள்வி: கொங்கணத்துத் திர்பலும் டிமுரும் ஒன்றா? (கோவை)

பதில்: இல்லை, ஒரே பேரினத்தின் இரு வேறு செடிகள்.

கேள்வி: பத்ரிநாத் வழியில் 1,200 ரூபாய்க்கு டிம்ரு கைத்தடி வாங்கினேன். வேறு மரம் என்கிறார்கள். ரசீது இல்லை. (மதுரை)

பதில்: ரசீது கேளுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது? டிமுரைத்தான் கர்வாலில் டிம்ரு என்பார்கள். அங்கே சாதுக்கள் ஏந்தும் டிம்ரு தடியில், முள்ளின் அடிப்பகுதி கூம்புபோல் தடித்து, பட்டையோடு சேர்ந்தே இருக்கும். செதுக்கிய முண்டுகள் என்றால் போலி. பணம் திரும்புவது அரிது.

கேள்வி: சர்க்கரை நோயை வேரோடு தீர்க்கும் டிமுர் மாத்திரை என்று தொலைபேசியில் பேசி, 72 வயதான என் அம்மாவிடம் 6,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பழைய மருந்தையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். (திருச்சி)

பதில்: இன்றே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், பணத்தைப் பிறகு பார்க்கலாம். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், தவறு அவருடையதன்று. மலை மக்கள் டிமுர்க் குச்சியால் பல் துலக்குகிறார்கள், பல்வலிக்குத் தோலைப் பல் ஈறில் அடக்கிக்கொள்கிறார்கள், வயிற்றுவலிக்கும் உப்புசத்துக்கும் உண்கிறார்கள். அந்தக் கைவைத்தியத்தின் பெயரைச் சொல்லி, முதியவர்களை மருந்தை நிறுத்தவைப்பது கொடுமை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. மாத்திரைப் பெட்டி, பணம் செலுத்திய விவரம், அழைப்பு வந்த எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.