மலையகத்தில் பிறந்தவர் கடல் உயிரியலாளராகிப் பெயர் எடுக்க முடியுமா?

"நுவரெலியா மாவட்டம், உயர்தரத்தில் பயோ. கடல் உயிரியல் ஆராய்ச்சிக்குப் போனால் பெயர் எடுக்கலாமா? ஒருவரைப் பெரிய ஆராய்ச்சியாளர் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். டவுன் பிள்ளை என்றால் கடைசிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. எச்-இன்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கிறது, 2005ல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்தது. உங்களுடைய 10 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 10 தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் எண் 10. வேலை, பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் இதைப் பார்க்கிறார்கள். என்னுடைய எண் 1. எண் குறைந்த வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று யாராவது நினைத்தால், ஆமாம், கொஞ்சம் அதுவும்தான்.

ஆனால் கடல் உயிரியலாளர் ரேச்சல் கார்சனைப் பாருங்கள். அமெரிக்காவில் கடலே இல்லாத பக்கம், பென்சில்வேனியாவில் பிறந்தவர். கடலை முதன்முதலாகப் பார்த்தது 1929ல், 22 வயதில். (நான் 17 வயதில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில், காலிமுகத்திடலில். வாந்தி எடுத்தபடியே போய் இறங்கினேன்.) 1932ல் முதுகலை முடித்தார், கலாநிதிப் பட்டம் வரை போகக் குடும்பத்தில் வசதி இல்லை. மீன்வளத் திணைக்களத்தில் எழுத்து வேலை பார்த்தவர். அவர் 1962ல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய புத்தகம் உலகத்தையே ஆட்டியது, பத்து வருசத்தில் அமெரிக்காவில் டி.டி.டி. தடையானது. எங்கள் அப்பா முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் முதுகில் டாங்கியைச் சுமந்து மலையில் மருந்தடித்தவர். அவருக்குக் கார்சனைத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பெயரை எந்த எண்ணுக்குள்ளும் அடக்க எனக்கு மனசு வராது.

சரி, என் கதை. கம்பஸ் முடித்ததும் கற்பிட்டிப் பக்கம் கடலட்டை ஆராய்ச்சி ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. வீட்டில் சொன்னபோது அம்மா, "அட்டையைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போற? கொழுந்து மலைக்கு வா, காலு நிறைய காட்டுறேன்" என்றார். இது வேறு அட்டை, கடலுக்கு அடியில் மணலைத் தின்று கிடப்பது, காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் என்று விளக்கியும் அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

அளப்பதுதான் பெரிய பாடு. தொட்டால் சுருங்கும், தண்ணீரைப் பீச்சும். ஒரே அட்டை இப்போது ஒரு நீளம், கொஞ்ச நேரத்தில் வேறு நீளம். அது ஆறுதலாகி நீளும்வரை தட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஏழு மாதம் அப்படி உட்கார்ந்து, படகுகள் கரைக்கு வரும் நேரமெல்லாம் விழித்து, நான் எழுதிய கொப்பிகள் மட்டும் பதினொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த குழு இரண்டு கிழமை நின்றுவிட்டு அந்தக் கொப்பிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனது. கட்டுரை வந்தபோது ஆசிரியர்கள் ஆறு பேர், அதில் நான் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் இருந்தேன், பெயரில் ஓர் எழுத்து தப்பு. எல்லா வெளிநாட்டுக்காரர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை, பிறகு ஒரு கட்டுரையில் என் பெயரைச் சேர்த்தவரும் வெளிநாட்டவர்தான். அந்த எண் 1 அவர் தந்தது.

இப்படி வெளியிலிருந்து வந்து, தரவை எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆளை விட்டுவிட்டுப் போவதற்குப் பரசூட் விஞ்ஞானம் என்று பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். அதைப் பற்றி உரக்கப் பேசுபவர்களில் நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் முக்கியமானவர். 2003ல் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலங்களின் மலம் மிதப்பதைப் பார்த்து, அவை இந்தச் சூடான கடலிலேயே சாப்பிடுகின்றன என்று கண்டுபிடித்தவர். குளிர்ந்த கடலில்தான் தின்னும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. பெயர் எடுக்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? அவர் கொழும்பு, நாம் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), அது வேறு கதை என்பீர்கள். உண்மைதான்.

அந்த வேறு கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மேற்படிப்பு உதவித்தொகை ஒன்றுக்கு நேர்முகத்தேர்வுக் கடிதம் எனக்கு வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாத் தபாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு மேசையில் கிடந்து, யாரோ நினைத்தபோது அப்பாவின் கையில் கொடுத்தார்கள். நேர்முகத்தேர்வு முடிந்து நாலு நாள். அப்பா மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், நல்ல சேதியா என்று கேட்டார்.

அதனால் நீங்கள் விண்ணப்பம் போடும்போது தோட்டத்து விலாசத்தைக் கொடுக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருக்கிற தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அவருடைய விலாசத்தைப் போடுங்கள், ஈமெயிலையும் தினமும் பாருங்கள்.