மனையா, வீடா, கடையா? முதலீடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. காலி மனை வாங்குவதா, வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குவதா?

பதில்: அந்தப் பணம் பத்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் மனையைப் பற்றி யோசியுங்கள். மனை ஒழுகாது, இடியாது. ஆனால் மாதாமாதம் காசும் தராது. வரி கட்ட வேண்டும், வேலி போட வேண்டும், அடிக்கடி நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். நண்பருக்காக நான் கவனித்துவந்த ஒரு மனையில், எல்லைக் கல்லை யாரோ இரண்டடி உள்ளே தள்ளி நட்டிருந்தார்கள். பழைய கல் இருந்த குழியில் மண் இன்னும் இறுகாமல் இருந்ததால்தான் கண்ணில் பட்டது. ஒரு மழைக்காலம் கழித்துப் போயிருந்தால் புல் மூடியிருக்கும்.

கேள்வி: என் மாமா வாங்கிய மனை பத்து ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிட்டதே?

பதில்: நல்லது. ஆனால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 7.2% கூட்டு வட்டிதான். அதிலிருந்து பதிவுச் செலவு, தரகு, இத்தனை ஆண்டு கட்டிய வரி எல்லாவற்றையும் கழியுங்கள். விலை ஏறாமல் கிடக்கும் மனையின் சொந்தக்காரர் விருந்தில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: விலையில் 5% வாடகை வரும் என்று ஒரு வீட்டை விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வாடகை உண்மையாகவே இருக்கலாம். கையில் நிற்பது வேறு. விலை 100, ஆண்டு வாடகை 5 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 0.4 போகும். பழுது பார்க்க, வெள்ளையடிக்க 0.7. வரி, காப்பீட்டுக்கு 0.4. மிச்சம் 3.5. எந்தச் சொத்தையும் இந்த மிச்சத்தை வைத்துத்தான் இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: கடை வாங்கினால் வாடகை அதிகமாமே, ஐயா?

பதில்: பெரும்பாலும் அதிகம்தான். ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு இருக்கும். சில இடங்களில் வரியையும் பராமரிப்பையும் வாடகைதாரரே ஏற்றுக்கொள்வார். ஆனால் அந்தக் கூடுதல் வாடகை, இடம் காலியாகக் கிடக்கும் அபாயத்துக்கான கூலி. என் கடை ஒருமுறை 14 மாதம் பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு முறை ஷட்டரைத் தூக்கும்போதும், அடியில் செருகிவிட்டுப்போன மின்கட்டண ரசீதுகள் தூசியோடு காலில் தட்டும். வீடு காலியானால் வாடகையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், குடும்பம் ஒன்று வந்துவிடும். கடைக்கு அப்படி இல்லை. அந்தத் தெருவில் வியாபாரம் நடக்காது என்று பெயர் வந்துவிட்டால் பாதி வாடகைக்குக்கூட ஆள் வராது. அலுவலகக் கட்டடங்களுக்கு 2020-க்குப் பிறகு பல நகரங்களில் இதே நிலைதான். ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீடா, தனி வீடா?

பதில்: கட்டடம் தேயும், ஏறுவது நிலத்தின் விலை. அடுக்குமாடியில் உங்கள் பெயருக்கு எவ்வளவு நிலம் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ரீட் என்கிறார்களே, அது என்ன? சிறு தொகை உள்ளவர்களுக்கு ஏற்றதா?

பதில்: பெரிய அலுவலகங்கள், வணிக வளாகங்கள், கிடங்குகள் ஆகியவற்றின் வாடகையில் சிறு பங்கு வாங்கும் வழி அது. அமெரிக்காவில் 1960-ல் சட்டமாகித் தொடங்கியது. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், பல நாடுகளில் வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சந்தையில் பட்டியலிட்டதாக இருந்தால் வேண்டியபோது விற்கலாம். குழாய் உடைந்தது என்று இரவில் யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள். ஆனால் விலை பங்குகளைப் போல ஏறி இறங்கும். வட்டி உயர்ந்தால் சரியும். 2022-ல் பலர் இதைக் கண்ணால் பார்த்தார்கள். சிறு தொகைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: 100 விலையுள்ள வீட்டுக்குக் கையிலிருந்து 20 போட்டு 80 கடன் வாங்கினால் லாபம் பெருகும் அல்லவா?

பதில்: நட்டமும் அதே அளவு பெருகும். விலை 10% இறங்கினால், நீங்கள் போட்ட 20-ல் பாதி போய்விட்டது. வங்கிக்கு 80 அப்படியே பாக்கி. வாடகை வராத ஆறு மாதத்துக்கும் தவணை கட்டும் அளவுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள். சேர்ந்ததும் எழுதுங்கள், எந்த வீடு என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.