மறுபடியும் வாந்தி, மறுபடியும் பேதி: பூனை வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

என் பூனை முத்துவுக்கு நாள்பட்ட குடல் அழற்சி இருந்தது. ஏழு ஆண்டுகள் அந்த நோயோடு மல்லுக்கட்டியதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆகவே எந்த மருந்துக்கும் அளவு சொல்ல மாட்டேன். மற்றபடி தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, என் பூனை வாரத்துக்கு இரண்டு முறையாவது வாந்தி எடுக்கிறது. பூனை என்றால் அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. இந்தப் பேச்சை நம்பித்தான் முத்துவின் ஒரு வருடத்தை நான் வீணாக்கினேன். எப்போதாவது ஒரு முடி உருண்டையைக் கக்குவது வேறு. வாரம் இரண்டு முறை, அதுவும் மாதக்கணக்கில் என்றால் அது நோயின் அறிகுறி. வாந்தியோ பேதியோ மூன்று வாரங்களைத் தாண்டினாலே மருத்துவர்கள் அதை நாள்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். முடி உருண்டை அடிக்கடி வந்தாலும் குடலைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில், வருவது வாந்தியா எதுக்களிப்பா என்று பாருங்கள். வாந்திக்கு முன் பூனை உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், இடம் தேடி அலையும். பிறகு பதுங்கியபடி குனிய, வயிறு உள்ளே இழுத்து இழுத்துத் தள்ளும். எதுக்களிப்பில் இந்தப் பாடு எதுவும் இல்லை. தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத உணவு அப்படியே வழுக்கி விழும். வாந்திக்கு வயிறு, குடல், கணையம், சிறுநீரகம் என எதுவும் காரணமாகலாம். எதுக்களிப்பு பெரும்பாலும் உணவுக்குழாய்ச் சிக்கல். கைபேசியில் ஒரு முறை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட அது பல மடங்கு உதவும்.

சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள் மட்டுமே வருகிறதென்றால், அவசரமாக விழுங்குவதும் காரணமாக இருக்கலாம். அகலமான தட்டில் உணவைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைகளில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவர் “பேதி எப்படிப் போகிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

அளவையும் தடவையையும். ஒரு நாளைக்குப் பல முறை ஓடி, முக்கி முக்கிக் கொஞ்சமே போகிறது, சளியும் சில சமயம் சிவந்த ரத்தமும் தெரிகிறது என்றால் தொல்லை பெருங்குடலில் இருக்கலாம். இரண்டு மூன்று தடவைதான், ஆனால் நிறையப் போகிறது, உடலும் இளைக்கிறது என்றால் சிறுகுடலைப் பார்ப்பார்கள். மலம் தார் போலக் கறுத்திருந்தால் அது மேற்பகுதியில் கசிந்து செரித்த ரத்தமாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன சாப்பிட்டது, வாந்தி எத்தனை, மலம் எப்படி, வாரம் ஒரு முறை எடை. பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், கழித்துக்கொள்ளுங்கள். நுட்பமாக அறிய வேண்டுமானால் குழந்தைகளுக்கான எடைப்பொறி நல்லது. 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது உடலில் பத்தில் ஒரு பங்கை இழப்பது. அடர்ந்த முடிக்குள் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: ஒரே மாதத்தில் நான்கு உணவுகள் மாற்றிவிட்டேன். எதுவும் சரிப்படவில்லை. இனி எதைக் கொடுப்பது?

சொன்னால் வருத்தப்படாதீர்கள்: நான்கு உணவு மாற்றியும் நீங்கள் ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. திடீர் மாற்றமே பேதியைக் கிளப்பும். சாதாரணமாகப் புது உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் வேண்டும். பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

உணவுச் சோதனை என்பது இன்னும் கண்டிப்பானது. பூனை இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதம் உள்ள உணவு, அல்லது புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு. இரண்டில் எது என்பதை மருத்துவர் சொல்வார். அதைத் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது. தின்பண்டம் கூடாது, சுவையூட்டிய மாத்திரைகூடக் கூடாது. உணவுதான் காரணம் என்றால் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் குறையத் தொடங்கும். தோல் அரிப்பும் சேர்ந்திருந்தால் எட்டு வாரம்வரை பொறுக்க வேண்டும்.

எங்கள் முதல் சோதனை பத்தாம் நாளே தோற்றது. மருத்துவ உணவு பயனில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். அன்றிரவு முத்துவைத் தடவிக்கொடுக்கும்போது மோவாயின் அடியில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்தால் எங்கள் இன்னொரு பூனையின் உணவு வாடை. தினமும் நான் விளக்கை அணைத்த பிறகு அந்தத் தட்டை வழித்து நக்கியிருக்கிறது. இரண்டு பூனைகளுக்கும் தனித்தனி அறையில் சோறு வைத்து, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம்.

தானியம்தான் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை தருவதில் மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவையே முன்னிலையில் இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே வெறும் இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தால் தீர்ந்ததே?

ஓரிரு நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் என்றால் ஆபத்து. டாரின் என்ற அமினோ அமிலம் பூனைக்கு உணவிலிருந்துதான் போதுமான அளவு கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்துடனான இந்தத் தொடர்பு 1987இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இறைச்சியை வேகவைத்த நீரை ஊற்றிவிட்டால் டாரினும் அதோடு போய்விடும். கால்சியமும் போதாது. வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து வல்லுநரிடம் பட்டியல் வாங்குங்கள்.

கேள்வி: பால் கொடுக்கலாமா?

வேண்டாம். குட்டிப் பருவம் தாண்டியதும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும்.

கேள்வி: எட்டு மாதக் குட்டி. குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்தாயிற்று. ஆனாலும் நாற்றமடிக்கும் பேதி நிற்கவில்லை.

வழக்கமான புழு மருந்துகள் எல்லா ஒட்டுண்ணிகளையும் கொல்வதில்லை. ஜியார்டியா, டிரைட்ரிகோமோனாஸ் போன்ற ஒற்றைச் செல் உயிரிகள் இளம் பூனைகளிடமும், பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களிலும் அடிக்கடி தென்படும். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் அவை அகப்படாமல் போகலாம். வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளைக் கொடுங்கள். டிரைட்ரிகோமோனாஸுக்கு, அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உண்டா என்று கேளுங்கள். மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: போன தடவை கொடுத்த மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மீதம் இருக்கிறது. பேதி வந்ததும் கொடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது பேதியைச் சில நாட்கள் அடக்கும். கூடவே குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கலைத்துவிடும். நிறுத்தியதும் பேதி திரும்பும், காரணமோ கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கும். மனிதர்களின் மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

கேள்வி: என் ஆண் பூனை மணல் பெட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலுக்கு வீட்டில் என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். ஆண் பூனை முக்கினால் அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல்தான் என்று மருத்துவர் உறுதி செய்தால், அதற்குப் பிறகு நீர்ச்சத்து, ஈர உணவு, மலமிளக்கி என்று பார்க்கலாம். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனைக்கு நஞ்சு.

கேள்வி: பின்புறத்தில் நூல் தொங்குகிறது. இழுத்துவிடலாமா?

கூடாது. மறுமுனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ மாட்டியிருக்கும். இழுத்தால் குடலை அறுத்துவிடும். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பூனை. முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைக்கிறது. அவ்வப்போது வாந்தி. வயதுதான் காரணமோ, அம்மா?

வயது ஒரு நோய் அல்ல, தம்பி. நன்றாகத் தின்றும் இளைத்தால் முதலில் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு சிறுநீரகம், சர்க்கரை, வைட்டமின் பி12 அளவு, வயிற்று ஸ்கேன். குடல் அழற்சிக்கும், மெதுவாக வளரும் லிம்போமா என்ற ஒரு வகைக் குடல் புற்றுநோய்க்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான், ஸ்கேனிலும் குழப்பும். குடல் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு மனம் தளராதீர்கள். இந்த மெதுவான வகையில், மாத்திரைகளோடு இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாக வாழ்ந்த பூனைகள் நிறைய.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரை அழையுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

கேள்வி: குடல் அழற்சி என்று உறுதியாகிவிட்டது. பிரட்னிசலோன் எழுதியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. எப்போதுதான் முழுவதும் குணமாகும்?

உங்கள் பயம் எனக்கும் இருந்தது. சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதால் மருத்துவர் அவ்வப்போது ரத்தம் பார்ப்பார். ஆனால் பூனைகள் ஸ்டீராய்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பி12 குறைவாக இருந்தால் அதையும் ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற சிகிச்சை பலிக்காது.

முழுக் குணம் என்று எதிர்பார்க்காமல், கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முத்துவுக்கு மாதத்தில் பத்து வாந்தி இருந்தது. உணவு, மருந்து, பி12 ஊசி மூன்றும் சேர்ந்து ஐந்தாம் மாதம் ஒன்றுக்கு வந்தது. 3.1 கிலோவிலிருந்து 3.9 ஆனது. அந்த 3.9ஐ நோட்டில் எழுதிய காலை, முத்து அடுப்படி மேடைக்கு ஒரே தாவாகத் தாவியது. ஒன்றரை வருடமாக அது நாற்காலியில் ஏறி, பிறகு மேடைக்கு என்று இரண்டு தவணையாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.