மடிக்கணினித் திரை 1024-ஐத் தாண்ட மறுப்பது ஏன்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டியூஷன் நடத்துகிறேன். தங்கைக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த, ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் பழைய டிவிடியைக் கொண்டு டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டேன். திரை கறுத்தே நின்றதால், நண்பர் சொன்னபடி, இயங்குதளத்தை ஏற்றும் நிரலான கிரப்பின் கோப்பில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்தேன். இப்போது 1366 × 768 திரை, 1024 × 768-லேயே நிற்கிறது. வெளிச்சத்தைக் குறைக்க முடியவில்லை, புரொஜெக்டரும் தெரியவில்லை. திரை அளவை மாற்றும் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளையால் புதிய அளவைச் சேர்த்தால் பிழை வருகிறது.

பதில்: நீங்கள் சொன்ன குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் அந்த ‘நோமோட்செட்’தான். திரையின் உண்மையான அளவை அதனிடமே கேட்டறிந்து அமைப்பதும், வெளிச்சத்தையும் எச்டிஎம்ஐ இணைப்பையும் ஆள்வதும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள கிராபிக்ஸ் டிரைவரின் வேலை. அந்த டிரைவர் திரையைத் தொடக் கூடாது என்று தடுப்பதே இந்தச் சொல். ஆகவே கணினி தொடங்கும்போது பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) அமைத்துக் கொடுத்த ஒரே அளவில் திரை உறைந்துவிடுகிறது. படம் வரையும் சுமை முழுவதும் பிராசசர் மீது விழுவதால், கோடையில் லேப்டாப் தேவையின்றிச் சூடாகும்.

எக்ஸ்ரேண்டரை வேறெதுவும் சேர்க்காமல் தனியாக இயக்கிப் பாருங்கள். காமா அளவைப் பெற முடியவில்லை என்ற புகாரும், திரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டீஃபால்ட்’ என்ற சொல்லும் வந்தால், உரிய டிரைவர் இயங்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில், லேப்டாப் திரை இணைப்பைக் குறிக்கும் ‘எல்விடிஎஸ்’ அல்லது ‘ஈடிபி’ என்று வரும்வரை புதிய அளவுகளைச் சேர்ப்பது வீண் உழைப்பு. திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர் மென்பொருளுக்கென எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பு எதையும் கையால் எழுதி வைத்திருந்தால் அதையும் விலக்கிவிடுங்கள். இன்றைய எக்ஸ் சர்வருக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

முதலில் திரை கறுத்ததற்குக் காரணம், சிப்பில் ஏற்றப்படும் சிறு நிரலான ஃபர்ம்வேர் இல்லாததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏஎம்டி சிப்புகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், டெபியன் 11-இன் வழக்கமான நிறுவல் வட்டில் அது சேர்க்கப்படவில்லை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் உடன் வருகிறது. எனவே வரிசை முக்கியம். முதலில் மென்பொருள் மூலங்களின் பட்டியலில், கட்டற்ற உரிமம் இல்லாதவற்றுக்கான ‘நான்-ஃப்ரீ’ பிரிவைச் சேர்த்து, ஏஎம்டி கிராபிக்ஸுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவுங்கள். அதற்கு முன்பே ‘நோமோட்செட்’டை எடுத்தால் மறுபடியும் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

நிறுவிய பிறகும் கிரப் கோப்பை உடனே திருத்த வேண்டாம். கணினியை மீண்டும் தொடங்கி, கிரப் பட்டியலில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியில் ‘நோமோட்செட்’டை மட்டும் அழித்து எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கே செல்லும் என்பதால், திரை கறுத்தாலும் அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பிவிடும். திரை முழு அளவில் வந்த பிறகு, கோப்பிலும் அச்சொல்லை நீக்கி, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் இயக்குங்கள்.

அப்போதும் கறுத்தால், பழைய முறையில் உள்ளே வந்து, கெர்னல் பதிவேட்டில் முந்தைய தொடக்கத்துக்குரிய பகுதியில் ஏஎம்டி டிரைவர்களின் பெயரான ‘ரேடியான்’ அல்லது ‘ஏஎம்டிஜிபியூ’ என்று வரும் வரிகளைத் தேடுங்கள். ஏற்ற முடியாமற்போன ஃபர்ம்வேர் கோப்பின் பெயர் அங்கேயே இருக்கும்.