கத்தோலிக்கப் பாடசாலையில் சைவப் பிள்ளை என்ன படிக்கும்?

மகளுக்கு வருகிற வருஷம் தரம் 1, மட்டக்களப்பு டவுணில் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் சேர்க்க யோசிக்கிறோம், நாங்கள் சைவம், அங்கே பாடத்திட்டம் வேறா, எங்கள் சமயத்தைப் படிப்பிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலோ கோயிலடியிலோ யாரோ உங்களைப் பயப்படுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது. "வேதப் பள்ளிக்கூடத்தில விட்டால் பிள்ளை வேதத்துக்குப் போயிரும்" என்று, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிவிடும் என்று, என் பெரியம்மாவே சொன்னார். நானும் சிஸ்டர்மார் நடத்திய பாடசாலையில்தான் படித்தேன், இன்றைக்கும் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டுவதில்லை. இப்போது மகளும் அப்படியான ஒரு பாடசாலையில்தான் படிக்கிறாள்.

முதலில் நீங்கள் பார்த்து வைத்திருப்பது எந்த வகைப் பாடசாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரில் புனிதர் இருந்தாலும் எங்கள் பக்கத்துப் பழைய கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெற்று மத அமைப்புகள் நடத்திவந்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அன்றிலிருந்து சம்பளம், ஆசிரியர் நியமனம், இடமாற்றம் எல்லாம் அரசாங்கத்தின் கையில். அதிபர் கதிரையில் சிஸ்டர் இருந்தாலும் அவரும் அரசாங்கம் நியமித்த பாடசாலை அதிபர்தான். அப்படிப் பொறுப்பேற்ற பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்குப் பொறுப்பேற்ற காலத்து மத விகிதாசாரத்தையும் கணக்கில் எடுப்பார்கள், சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் சிஸ்டரோடு கோபிக்க வேண்டாம்.

ஆகவே பாடத்திட்டம் மகரகமயில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிப்பதுதான். இந்துக் கல்லூரியிலும் அதே புத்தகம், அதே ஆசிரியர் வழிகாட்டி. தரம் 1 முதல் 5 வரை தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம், அதோடு ஆங்கிலமும் சிங்களமும். தரம் 1, 2இல் ஆங்கிலம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான், அதனால் "கொன்வென்ட்" என்ற பெயரைப் பார்த்து முதலாம் வருஷமே பிள்ளை இங்கிலீஷில் பொழிந்து தள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழில்நுட்பம் எல்லாம் வந்து சேரும். அழகியலில் சித்திரமோ சங்கீதமோ நடனமோ ஒன்றை எடுக்க வேண்டும். என் மகளோடு பரதம் ஆடுகிறவர்களில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தனியாரின் சர்வதேசப் பாடசாலை என்றால் மட்டும் இது பொருந்தாது, அவர்கள் பெரும்பாலும் இலண்டன் பரீட்சைக்குப் படிப்பிப்பார்கள், அதன் கதை வேறு.

இனிச் சமயம். சட்டப்படி பிள்ளை தன் சமயத்தைத்தான் படிக்க வேண்டும், சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் புத்தகம்தான் கொடுப்பார்கள். சமய பாடத்துக்கு மணி அடித்ததும் ஒரே தரத்தின் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் பிரிந்து, கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்பிலும் சைவப் பிள்ளைகள் மற்ற வகுப்பிலும் போய் உட்காருவார்கள். என் காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

ஆனால் ஆசிரியர் இருக்க வேண்டும். அதில்தான் என் மகள் தரம் 8இல் மாட்டுப்பட்டாள். சைவநெறி படிப்பித்த டீச்சருக்கு இடமாற்றம் வந்தது, பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. அந்தப் பாடவேளை முழுக்கப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், இல்லாவிட்டால் யாராவது வந்து கணக்குச் செய்ய வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பெரியம்மா சொன்னது சரியாகிவிடுமோ என்றும் ஒரு யோசனை. நேரே அதிபர் சிஸ்டரிடம் போனேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை எடுத்து மேசையில் விரித்தார். சைவநெறி ஆசிரியர் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை. வந்த ஒரே பதிலில் "கவனத்திற் கொள்ளப்படும்" என்று ஒரு வரி. கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சிஸ்டரே தேடிப் பிடித்து, பெற்றோர் நாங்கள் போக்குவரத்துச் செலவைப் பார்த்துக்கொண்டு, தவணைப் பரீட்சைக்கு முன்பு பாடத்தை முடித்தோம். அந்த அம்மா வராத நாட்களில் சிஸ்டர் தானே வந்து, சைவநெறிப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேவாரம் ஒப்புவிக்கச் சொல்லுவாராம். அவருக்குப் பண் தெரியாது, ஆனால் ஒரு சொல் விடுபட்டால் விரலை அந்த வரியில் வைத்துத் திரும்பச் சொல்ல வைப்பார் என்று மகள் சொன்னாள். சிலுவை போட்ட ஒரு சிஸ்டர் எங்கள் பிள்ளைகளுக்காக இவ்வளவு செய்தார். மதம் மாற்றுகிறார்கள் என்று பேசுகிறவர்களில் ஒருவர்கூட அந்த அலுவலகத்து வாசலுக்குப் போகவில்லை.

எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வேறு அனுபவம் உள்ளவர்களும் இருப்பீர்கள், சண்டைக்கு வர வேண்டாம். காலைக் கூட்டத்தில் கத்தோலிக்கச் செபம் இருக்கும், மாதா பாட்டுகள் பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும், வீட்டில் குளிக்கும்போதுகூடப் பாடும். அதைக் கேட்கவே மனம் பொறுக்காது என்றால் அனுப்பாதீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் படித்தது எங்கே? மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில், கத்தோலிக்கக் குருமார் நடத்திய காலத்தில். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து பிறகு அங்கேயே படிப்பித்தும் இருக்கிறார். அந்த மனிதர்தான் பின்னாளில் இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகி, கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை உருவாக்கி, யாழ் நூலும் எழுதினார். இதைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன், பதில் இல்லை.

உண்மையில் பிள்ளையிடமிருந்து சமயத்தைப் பறிப்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசன். ஞாயிற்றுக்கிழமை விடிய எங்கள் பிள்ளைகளுக்குச் சைவ அறநெறி வகுப்பு இருக்கிற அதே நேரத்துக்கு ரியூசனும் வைக்கிறார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் மறைக்கல்வி அதே நேரம்தான். இரண்டு பக்கமும் பிள்ளைகள் இல்லை. தரம் 4 வந்தால் சித்திரமும் இல்லை, விளையாட்டும் இல்லை, கடந்தகால வினாத்தாள்தான். முடிவு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படத்தைப் பெரிய பதாகையில் போட்டுச் சந்தியில் கட்டுகிறார்கள், அதற்குக் கீழே நடந்து பள்ளிக்கூடம் போகிற மற்றப் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், அது என் அக்காவின் மகன். இதைப் பற்றி எந்தக் கோயிலடியிலும் ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர்முகத்துக்குப் போகும்போது சைவநெறிக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, தரம் 6க்கு மேலும் இருக்கிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் நேரசூசியையும் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் மகளைச் சேர்த்துவிட்டு, மற்றச் சைவப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு முதல் தவணையிலேயே வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். அதிபரும் கையெழுத்துப் போடுவார்.